முடியும் மட்டும் ஓடட்டும்

வெள்ளவத்தை
10.08.1997

அன்புள்ள தங்கச்சி பாலேஸ்வரிக்கு,

நானும் தவமலரும் சுகம். அவளுக்குப் பிரஷர் குளிசையை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு வழக்கம்போல நித்திரை இல்லை. உன் முழங்கால் எப்படி? மச்சான் கதிர்காமநாதனும் பிள்ளை மதுராவும் நலம்தானே?

நீ கேட்ட இரண்டு படமும் பார்த்துவிட்டேன். ரொறன்ரோக் கசெட் கடைக்காரன் உன்னிடம் காசு பறிக்க முன்னம் என் அபிப்பிராயத்தைக் கேள். அந்தப் பொலிஸ் படத்தை எடுக்காதே. கதாநாயகன் ஒரு சந்தை நிறைய ஆட்களை அடித்துப் போடுகிறான், சட்டையில் மடிப்புக் கலையவில்லை. அது என்ன துணி என்று தெரிந்தால் நானே இறக்குமதி செய்வேன். மற்றது, கிழவன் ஒருவன் வள்ளம் வாங்குகிற படம். அதை எடு. பாட்டு வரும்போது மட்டும் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடு.

அருந்ததியின் கலியாணக் கசெட்டையும் மறுபடி போட்டோம். விசா தராத புண்ணியத்தால் சொந்த மகளின் தாலிகட்டை டீவியில் பார்த்த தகப்பன் நான். கனடாக் கசெட் இங்கத்தை டெக்கில் கோடு கோடாகத்தான் ஓடும் என்று, பக்கத்துக் கசெட் கடைப் புவாத்தான் மாற்றிப் பதிந்து தந்தவன். அந்தக் கமராக்காரனுக்கு நான் ஒரு சதமும் கொடுத்திருக்க மாட்டேன். வடையைக் காட்டுகிறான், யாரோ ஒரு பிள்ளையின் சப்பாத்தைக் காட்டுகிறான். தாலி கட்டும் நேரம் ஐயரின் முதுகைக் காட்டுகிறான்.

படம் முடிந்தபிறகும் நான் எழும்புவதில்லை என்று தவமலருக்குக் கோபம். "வெறும் டீவியை என்னத்துக்குப் பாக்கிறியள்?" என்கிறாள். கசெட்டின் மிச்சத்தில் பழைய பதிவுகள் கிடக்கும், தங்கச்சி. போன கிழமை ஒரு பக்திப் படத்துக்குப் பின்னால் யாரோ வீட்டுப் பந்தி ஓடியது. கத்தரிக்காய்க் குழம்பு நல்லாயிருந்திருக்கும் போல.

அருந்ததியின் கடிதம் இப்போது இரண்டு வரியாகிவிட்டது. 'சுகம். வேலை கூட.' அவ்வளவுதான். நீ கிட்ட இருக்கிறாய், பார்த்துக்கொள். கட்டுநாயக்கா எயார்போட்டில் வழியனுப்பும்போது நான் சொன்னதையும் ஞாபகப்படுத்து: புது இடம், புது மனிதர், அனுசரித்துப் போகவேண்டும்.

அன்புடன், உன் அண்ணை
நாகேந்திரம்


ரொறன்ரோ
02.09.1997

பாசமுள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மச்சாளின் பிரஷரை நினைத்தால்தான் யோசனை. உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். நாங்கள் சுகம். என் முழங்கால் மட்டும் குளிர் வரமுன்னமே குளிரை அறிவிக்கிறது.

வள்ளப் படம் எடுத்தேன். நான் அழுதேன், இவர் நித்திரை. நித்திரையில்லாத நேரமெல்லாம் இவர் கையில் கமராதான். புதிதாக வாங்கினார். நான் மீன் வெட்டுவதையும் படம் பிடிக்கிறார். புதுக் கசெட் வாங்கச் சொன்னால் மனம் வராது, பழையதன் மேலேயே பதிவார். என் மீன் எல்லாம் அழிந்துபோச்சு.

அருந்ததி சுகம். மருமகன் சிவானந்தன் தம்பிக்கு இரண்டு வேலை, அவளுக்கும் பெட்டி அடுக்குகிற இடத்தில் வேலை. நேரமில்லை. உங்கள் கடிதங்களை நான்தான் போனில் அவளுக்கு வாசிக்கிறேன். பொலிஸ்காரனின் சட்டைக்குச் சிரித்தாள்.

கவனமாயிருங்கள், அண்ணை. ரோட்டில் நிற்காதீர்கள்.

தங்கை
பாலேஸ்வரி


வெள்ளவத்தை
25.10.1997

அன்புள்ள தங்கச்சி,

செய்தி பார்த்திருப்பாய். நாங்கள் உயிரோடு சுகம். கோட்டைப் பக்கம் குண்டு வெடித்த நாள் தொட்டுக் துணிக்கடையில் யாவாரம் இல்லை. தீபாவளிக்கு எடுத்த சாமான் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது. டீவிக்காரன் ஒரே குண்டை மூன்று மொழியில் காட்டுகிறான். நானும் மூன்றையும் பார்க்கிறேன். ஒன்றில் சொல்லாததை மற்றதில் சொல்லுவான் என்று ஓர் ஆசை.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துச் சோதனை. இரண்டு பொலிஸ்காரர் வீட்டுக்குள் வந்தார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு எல்லாம் காட்டினேன். டெக்கில் சண்டைப் படம் ஓடிக்கொண்டிருந்தது, நிற்பாட்டக் கை வரவில்லை. பெரியவன் அலுமாரியைக் கிண்ட, இளையவன் துவக்கைத் தோளில் போட்டபடி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். போகும்போது என்னிடம், "ஈட்ட பஸ்ஸே மொகத வுணே?" என்றான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறான்! கெட்டவன் சாவான், மாத்தயா என்றேன். திருப்தியோடு போனான். அயலில் இருக்கிற கொன்ஸ்ரன்ஸ் ரீச்சரின் மேல்மாடியில் இருந்த இரண்டு பெடியளை ஏற்றிக்கொண்டு போய் மற்ற நாள்தான் விட்டார்கள்.

இரவில் வெளியே போக ஏலாது. அதனால் தவமலரோடு சேர்ந்து அந்த எட்டரை மணி நாடகம் பார்க்கிறேன். உங்கள் கடைகளுக்கும் கசெட்டில் வருகிறதாம். தொடாதே. ஒரு மருமகள். மாமி ஏசுகிறாள், புருஷன் அறைகிறான், அவள் தூணைக் கட்டிப்பிடித்து அழுகிறாள். மாதக் கணக்காக அதே தூண். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. "கதவு திறந்துதானேயடி கிடக்கு! வெளிய போவன்! பஸ்ஸுக்குக் காசில்லையோ?" என்று டீவியைப் பார்த்துக் கத்திவிட்டேன். தவமலர், "சும்மா இருங்கோ, குடும்பம் எண்டால் அப்பிடித்தான்" என்று மூக்கைத் துடைக்கிறாள். என் அபிப்பிராயம் இதுதான்: அடிக்கிற வீட்டில் இருந்து அழுகிறவளுக்காக நான் இனி ஒரு மணித்தியாலமும் செலவழிக்க மாட்டேன். ஆனால் நாளைக்கும் பார்ப்பேன். வேறென்ன செய்ய?

சிங்கள நாடகம் ஒன்றும் பார்த்தேன். ஒருவன் தேத்தண்ணி குடிக்கிறதை முழுதாகக் காட்டுகிறார்கள். ஒருவரும் கத்துவதில்லை. எனக்குப் பிடித்தது.

அருந்ததி எழுதவில்லை. எழுதச் சொல்லு.

அண்ணை
நாகேந்திரம்


ரொறன்ரோ
06.12.1997

பாசமுள்ள அண்ணைக்கு,

பதில் பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம். வீட்டில் கொஞ்சம் வேலை கூடிப்போச்சு. நீங்களும் மச்சாளும் பத்திரமாக இருப்பதைக் கேட்டு நெஞ்சில் தண்ணி வந்தது. இங்கே முழங்கால் மட்டத்துக்குப் பனி.

மதுரா பெரியபிள்ளையாகிவிட்டாள். சாமத்தியவீடு மாசியில் மண்டபம் எடுத்துச் செய்கிறோம். இவர்தான் வீடியோ. கசெட் அனுப்புவோம்.

உங்கள் கடிதத்தை அருந்ததி இரண்டு தரம் வாசித்தாள். அவள் சுகம். நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.

தங்கை
பாலேஸ்வரி


வெள்ளவத்தை
18.01.1998

தங்கச்சி,

பொங்கல் நல்லபடி முடிந்தது. சுகம் விசாரிக்கும் பகுதியை இந்த முறை சுருக்கிவிடுகிறேன், எனக்குக் கேட்க வேறு விஷயம் இருக்கிறது.

பொங்கலுக்கு அருந்ததி வீட்டுக்குப் போன் எடுத்தோம். சிவானந்தன் எடுத்து, "குளிக்கிறா, மாமா" என்றான். மற்ற நாள் எடுத்தேன். குளிக்கிறாள். சனிக்கிழமை எடுத்தேன். அப்போதும் குளிக்கிறாள். கனடாவில் தண்ணீருக்குப் பில் இல்லையோ? தவமலர் பக்கத்தில் நின்றபடியால் நான் சிரித்துவிட்டு வைத்தேன்.

நீ என் கடிதத்தைப் போனில்தான் வாசிப்பதாக எழுதினாய். இப்போது அவளே இரண்டு தரம் வாசித்தாள் என்கிறாய். அவள் உன் வீட்டுக்கு வந்தாளா? அவனும் வந்தானா? உன் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரி, பனியைப் பற்றி ஒரு வரி. நான் யாவாரி. ஒருவன் சாமானைக் காட்டாமல் விலையை மட்டும் சொன்னால், சாமானில் பழுது என்று எனக்குத் தெரியும்.

படம் ஒன்றும் உருப்படியாகப் பார்க்கவில்லை. ஒன்றைப் போட்டேன். கதாநாயகி கடைசியில் எல்லாரையும் மன்னித்தாள். முடிவைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், மனம் அதில் இல்லை.

நேராகப் பதில் எழுது.

அண்ணை


ரொறன்ரோ
20.02.1998

பாசமுள்ள அண்ணைக்கு,

சாமத்தியவீடு நன்றாக நடந்தது. கசெட்டை இங்கிருந்து வருகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன், வீட்டில் கொண்டுவந்து தருவார். அதில் அருந்ததியும் நிற்கிறாள். தட்டு ஏந்தி வருகிறாள். பாருங்கள், உங்களுக்கும் மச்சாளுக்கும் மனம் ஆறும்.

மற்றவை பிறகு.

தங்கை
பாலேஸ்வரி


வெள்ளவத்தை
22.03.1998

தங்கச்சி பாலேஸ்வரிக்கு,

கசெட் கிடைத்தது. படங்களுக்கு அபிப்பிராயம் எழுதுவதுபோல இதற்கும் எழுதுகிறேன், கவனமாக வாசி.

புவாத் மாற்றிப் பதிந்து கொண்டுவந்தான். "முதலாளி, கடேசி வரைக்கும் ஓட விட்டுக் கொப்பி பண்ணிட்டேன். நீங்க கடேசி மட்டும் பாக்கிற ஆள்தானே," என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அப்போது அதைக் கவனிக்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் தவமலர் அயலைக் கூப்பிட்டாள். வெளிநாட்டுக் கசெட் வந்தால் தனியே பார்க்க விடுவார்களா? கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர், கீழ்வீட்டு நவரத்தினத்தார், அவர் மனைவி, எல்லாரும் வந்தார்கள். மதுரா வடிவாக இருக்கிறாள், கண்படக்கூடாது. பல்லக்குத் தேவையில்லாத செலவு. மச்சானுக்குக் கமரா நடுங்குகிறது, ஆனால் முகங்களைக் காட்டுகிறார். கலியாணக் கமராக்காரனை விட மேல்.

அருந்ததி தட்டோடு வந்தாள். ரீச்சர், "உங்கட மோள் நல்லா மெலிஞ்சிட்டா," என்றார். தவமலர், "கனடாவில எல்லாரும் மெலிஞ்சுதான் இருக்கினம், ரீச்சர்," என்றாள். நவரத்தினத்தார், "மருமகனைக் காணேல்லை?" என்றார். "வேலையாக்கும்," என்றேன் நான்.

நான் சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயில்கழுத்து நிறம். கரையில் ஒரு பூ விட்டு ஒரு பூவில் நெசவு பிசகியிருக்கும். விற்க முடியாத சேலை அது. அதனால்தான் நீ கனடாவுக்கு வெளிக்கிடும்போது உனக்குத் தந்தேன். இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை. சட்டையும் உன்னுடையது, தோளில் ஊசி குத்தி இறுக்கியிருக்கிறாள். என் மகளுக்கு ஒரு பெட்டி நிறையச் சேலை, ஒவ்வொன்றாக நானே தெரிந்து அடுக்கி அனுப்பினேன். மதுராவின் சாமத்தியவீட்டுக்கு ஏன் இரவல் சேலை? அவளுடைய பெட்டி எங்கே?

கேக் வெட்டி முடிய எல்லாரும் எழும்பினார்கள். தவமலர் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். நான் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் வெள்ளைப் புள்ளி. பிறகு உன் வீட்டு ஹோல். யன்னலில் பனி. சோபாவில் அருந்ததி பழைய நைற்றியோடு, வலது மணிக்கட்டில் வெள்ளைக் கட்டு. நீ பக்கத்தில் இருந்து ஒரு கடிதம் வாசிக்கிறாய். என் கடிதம். "கதவு திறந்துதானேயடி கிடக்கு." அவள் சிரிக்கிறாள். சிரித்தபடியே கட்டுப் போட்ட கையால் முகத்தை மூடுகிறாள். "இன்னொருக்கா வாசியுங்கோ, மாமி," என்கிறாள். அப்போதுதான் நீ கமராவைக் கண்டாய். "ஐயோ, நிப்பாட்டுங்கோப்பா! உவள் இஞ்ச இருக்கிறது தெரிஞ்சால் அண்ணை என்னைக் கொன்றுபோடுவார்!" அதோடு அறுந்தது.

மச்சானின் சிக்கனத்துக்கு என் நன்றியைச் சொல்லு.

தவமலர் கை துடைத்துக்கொண்டு வந்து, "முடிஞ்சுதோ?" என்றாள். முடிஞ்சுது என்றேன்.

என் மகளின் கை எப்படி முறிந்தது? அவள் இப்போது யாரோடு இருக்கிறாள்? இந்த இரண்டுக்கும் பதில் எழுது. முழங்காலைப் பற்றிப் பிறகு கேட்கிறேன்.

நாகேந்திரம்


வெள்ளவத்தை
19.04.1998

தங்கச்சி,

புதுவருஷம் வந்து போய்விட்டது. உன் பதில் வரவில்லை. போன் ஹோலில் இருக்கிறது, தவமலர் எந்த நேரமும் ஹோலில் இருக்கிறாள். கடைப் போனில் எடுத்தேன். மச்சான் "பாலேஸ் வெளிய," என்றார். உங்கள் ஊரில் ஒன்றில் குளிக்கிறார்கள், அல்லது வெளியே போகிறார்கள்.

டீவி போடுவதில்லை. போட்டால் இருக்க முடியவில்லை. கடையில் துணி கிழிக்கும்போது அளவு பிசகுகிறது. பம்பலப்பிட்டி மட்டும் நடந்து போய்த் திரும்புகிறேன், சோதனைச் சாவடிக்காரன் என்னை இப்போது மறிப்பதுமில்லை.

எழுது. என்ன என்றாலும் எழுது.

அண்ணை


ரொறன்ரோ
24.04.1998

அண்ணை,

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். பதில் எழுதத் துணிவில்லை. அந்தச் சம்பந்தத்தைப் பேசினது நான். நல்ல பெடியன், குடியில்லை என்று உங்களுக்கு எழுதினதும் நான்.

குடியில்லைத்தான். அவளின் சம்பளத்தை வாங்கி வைத்துவிடுவான். போன் கதைத்தால் ஏச்சு. கடிதம் எழுதினால் வாசித்துவிட்டுத்தான் ஒட்ட விடுவான், அதுதான் உங்களுக்கு இரண்டு வரி. அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை, எனக்கும் இல்லை. 'அனுசரிச்சுப் போ எண்டுதானே அப்பா சொல்லி விட்டவர்' என்று இருந்திருக்கிறாள்.

உங்கள் ஒக்டோபர்க் கடிதத்தை எப்போதும்போலப் போனில் வாசித்தேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அந்தக் கிழமைக் கடைசியில் பஸ்ஸில் வந்து கதவைத் தட்டினாள். கையில் ஹான்ட்பேக் மட்டும், மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. கதவில் வைத்து நெரித்திருக்கிறான். உள்ளே வந்து முதலில் கேட்டது, "மாமி, அப்பா எழுதினதைத் திருப்பி வாசியுங்கோ." கைக்குக் கட்டுப் போட்டு வந்த பிறகும் அதையே கேட்டாள், கசெட்டில் நீங்கள் கண்டது அதைத்தான்.

கை சுகமாகிவிட்டது. இங்கத்தை விசாக் காகிதங்களுக்கும் பிரச்சினை இல்லை, விசாரித்துவிட்டோம். வேலைக்குப் போகிறாள். உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். "அப்பா டீவியில வாற பிள்ளைக்குத்தான் அப்பிடிச் சொல்லுவார். சொந்தப் பிள்ளைக்குச் சொல்ல மாட்டார்," என்கிறாள். நான் என்ன பதில் சொல்லட்டும்?

உங்கள் தங்கை


வெள்ளவத்தை
08.05.1998

அன்புள்ள பாலேஸ்வரிக்கு,

உன் முழங்கால் எப்படி? குளிர் விட்டிருக்கும்.

கடிதத்தைக் கடையில் வாசித்தேன். சட்டரை இறக்கிவிட்டு இருந்தேன். புவாத் சத்தம் போடாமல் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சம்பந்தம் பேசினதற்கு இல்லை. மாதக் கணக்காக எனக்குப் பனியைப் பற்றி எழுதினதற்கு. அவளுக்குக் கதவைத் திறந்தவள் நீ என்பதால் அந்தக் கோபத்தை நான் நீட்டவில்லை.

தவமலருக்கு அன்று பின்னேரமே சொன்னேன். பிரஷர் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவள் சோறு போட்டாள். எட்டரைக்கு வழக்கம்போல டீவியைப் போட்டாள். அந்தப் பெட்டை தூணைப் பிடித்தாள். தவமலர் எழும்பி நின்று, வீடு அதிர, "கதவு திறந்துதானேயடி கிடக்கு! போவனடி!" என்றாள். மேல்வீட்டில் கதிரை இழுபட்டது. பிறகுதான் அழுதாள். குளிசை தேவைப்படவில்லை.

அருந்ததியிடம் இதைச் சொல்லு. என் கடையில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று ஒரு பலகை தொங்குகிறது. அது கடைக்கு மட்டும். அவள் அங்கே இருக்க விரும்பினால் இருக்கட்டும், வர விரும்பினால் ரிக்கெட் நான் போடுகிறேன். ஊர் என்ன சொல்லும் என்பதை நவரத்தினத்தாருக்கு நானே சொல்லிவிட்டேன், இனி அவர் பார்த்துக்கொள்வார்.

சேலைப் பெட்டி அவளுடையது. அவனிடம் விடவேண்டாம்.

அண்ணை


ரொறன்ரோ
14.06.1998

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

நான் சுகம். இந்த முறை உண்மையாகவே.

உங்கள் கடிதத்தை மாமி வாசிக்கவில்லை, நானே வாசித்தேன். அம்மா எழும்பி நின்ற இடத்தை மூன்று தரம்.

போன சனிக்கிழமை பெட்டி எடுக்கப் போனோம். மாமா கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பயப்பிடாதை பிள்ளை, எங்கட ஆக்கள் கமராவுக்கு முன்னால ஒருநாளும் கெட்டவங்களா இருக்க மாட்டினம்," என்றார். அப்படியே நடந்தது. சிவானந்தன் கதவைத் திறந்தவுடன் சிவப்பு லைற்றைக் கண்டான். தலைமயிரைத் தடவிவிட்டான். அவனுடைய அம்மா, "வாங்கோ, வாங்கோ," என்று சிரித்துத் தேத்தண்ணி வேணுமா என்று கேட்டா. பெட்டியை அவனே இறக்கித் தந்தான்.

இப்போதைக்கு இங்கேயே இருக்கிறேன், அப்பா. வேலை பழகிவிட்டது. பிறகு பார்ப்போம்.

கசெட்டை அனுப்புகிறேன். மாமாவிடம் சொல்லிப் புதுக் கசெட் வாங்குவித்தேன். உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள்.

மகள்
அருந்ததி


வெள்ளவத்தை
20.07.1998

அன்பு மகள் அருந்ததிக்கு,

அம்மாவும் நானும் நலம். கையில் பாரம் தூக்காதே. மாமிக்கு எண்ணெய் போட்டு விடு.

கசெட் வந்தது. அயலைக் கூப்பிடவில்லை. அம்மாவும் நானும் மட்டும் பார்த்தோம்.

அபிப்பிராயம்: படம் சின்னது. பாட்டு இல்லை, சண்டை இல்லை. கெட்டவன் நன்றாக நடித்தான், தாயும் குறைவில்லை. மாமாவின் கை வழக்கம்போல நடுங்குகிறது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிற இடத்தை அம்மா திருப்பிப் போடச் சொன்னாள். போட்டேன். மறுபடியும் போடச் சொன்னாள். அந்தப் பெட்டியின் கைப்பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, பஸ்ஸில் ஏறும்போது கவனம்.

நீ காருக்குள் ஏறினதோடு முடிந்தது. "புதுக் கசெட் எண்டு எழுதியிருக்கிறாள்தானே, பின்னால ஒண்டும் இராது, நிப்பாட்டுங்கோ," என்றாள் அம்மா. இராது என்று எனக்கும் தெரியும். "முடியும் மட்டும் ஓடட்டும்," என்றேன். அவளும் எழும்பிப் போகவில்லை. பக்கத்தில் வந்து இருந்தாள். வெறும் நீலம். அது தானாக நிற்கும் மட்டும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்பா